கடைமடைக்குப் போகும் சாலை

காரைக்காலுக்குப் போகிறேன் என்றால் கடற்கரை வழியாகப் போகத்தான் எல்லோரும் சொல்வார்கள். சீர்காழி தாண்டிக் கடலோரமாக இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 32இல் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று ஊர்கள் வரிசையாக வரும். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய ஊர், பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் பெற்ற ஊர், போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் பிடுங்கிய ஊர். அரை நாளில் பாதி ஐரோப்பாவைப் பார்த்துவிடலாம். படம் எடுக்கவும் அதுதான் தோதான வழி. ஆனால் அப்படிப் போனால் காரைக்கால் ஏதோ கப்பலில் வந்து இறங்கிய ஊர் மாதிரித் தோன்றும். அதன் தண்ணீரும் நெல்லும், அங்கே வரும் பக்தர்களும், ஒரு காலத்தில் அதன் துறையில் கப்பலேறிய கூலிகளும் மேற்கிலிருந்து வயல் நடுவே வந்தவர்கள். அந்த வழி, கும்பகோணம்–காரைக்கால் மாநில நெடுஞ்சாலை. நான் அதைத்தான் பிடித்தேன்.

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாக இருந்த சமயம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நடத்துனர், "எஸ்.புதூர், கொல்லுமாங்குடி, பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கா…" என்று ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தார். காரைக்காலின் கடைசி 'ல்' டெல்டாவில் யார் வாயிலும் நிற்பதில்லை. ஏறி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கையில் தாம்பாளப் பையும் நல்லெண்ணெய் பாட்டிலும் இருந்தன. அவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

ஊரைத் தாண்டியதும் திருநாகேஸ்வரம். ராகுவின் தலம் அது. இந்தப் பேருந்து போய்ச் சேரும் திசையில் சனியின் தலம். நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் இந்தச் சாலையை ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குப் போகும் வழியாகத்தான் அறிந்திருக்கின்றன. அவை பறக்கும் வேகத்துக்குச் சாலை இடம் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். டெல்டாவில் ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. இந்தச் சாலையும் அவற்றோடு சேர்ந்து கிழக்கே போகிறது. ஆனால் நேராகப் போக அதற்கு வழியில்லை. ஒரு குளம் வந்தால் குளக்கரையைச் சுற்றும். ஒரு கோயில் வந்தால் சன்னதித் தெருவில் நுழைந்து வெளியே வரும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். தார் சூட்டில் நெல் காய, இரு பக்க வண்டிகளும் மிச்சப் பாதியில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும். ஓட்டுநர் அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் வீட்டு நெல்லும் எங்கோ ஒரு சாலையில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

கொல்லுமாங்குடி வரைக்கும் சொல்ல அதிகமில்லை. பேரளத்தில் நிற்கவேண்டும்.

பேரளம் சின்ன ஊர். மயிலாடுதுறை–திருவாரூர் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஆனால் ஒரு சாம்ராஜ்யத்தின் கவலை இந்த ஊரில் வந்து முடிந்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓட ஆரம்பித்ததும் டெல்டாவின் சரக்குகளுக்கு ஆங்கிலேயர் துறைமுகம் கைக்கெட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த பிரெஞ்சுத் துறைமுகத்துக்கு மாட்டு வண்டிதான் கதி. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காரைக்காலுக்கு ரயில் கொண்டுவர வேண்டுமானால் ஆங்கிலேயர் மண்ணில் உள்ள ஒரு நிலையத்தில்தான் கொண்டி கோர்க்க முடியும். அந்த நிலையம்தான் பேரளம். 1898இல் ஏறக்குறைய 23 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. பாதை பிரெஞ்சு அரசுடையது; வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கோவில்பத்து என்று நிலையங்கள் இந்தச் சாலையின் தடத்தையே ஒட்டி வந்தன. 1980களில் அந்த ரயில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் சாலைதான் எல்லாச் சுமையையும் தாங்கியது. அதே தடத்தில் அகலப்பாதை போட்டு 2025இல் சோதனை ஓட்டமும் விட்டுப் பார்த்துவிட்டார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் புதுச் சரளைக்கல் மேடு சில இடங்களில் சாலையோடு கூடவே வருகிறது.

அம்பகரத்தூரில் எல்லை. அம்பரன் என்ற அசுரனை வதைத்த பத்ரகாளி குடியிருக்கும் ஊர் இது. காவல் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. மண் மாறவில்லை, பயிர் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. வண்டிகளின் எண்பலகை மட்டும் 'பிஒய் 02' ஆகிறது. பெட்ரோல் பங்கில் விலை குறைகிறது. ஊராட்சி ஒன்றியம் போய் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகை வருகிறது. மதுக்கடைகள் வருகின்றன, அதுவும் போட்டி போட்டுக்கொண்டு. தமிழ்நாட்டில் மது விற்பது அரசு நிறுவனம். இங்கே உரிமம் பெற்ற தனியார். கள்ளும் சாராயமும் அங்கே குற்றம், இங்கே ஏலம் விட்டு அரசு வருமானம் பார்க்கும் பண்டம். எல்லையின் இந்தப் பக்கத்து மரத்தில் பாளை சீவினால் தொழில், நாலு வரப்பு தள்ளிச் சீவினால் வழக்கு.

இந்த எல்லையை யாரும் கயிறு பிடித்து வரையவில்லை என்பதுதான் இதன் விசேஷம். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, தனக்கு உதவி செய்தால் காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் 1738இல் ஒப்புக்கொண்டார், பிறகு பின்வாங்கினார். புதுச்சேரியில் அப்போது துய்மா ஆளுநர். பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவரான சந்தா சாகிப்பின் படை இடையில் புகுந்து 1739 பிப்ரவரியில் இடத்தைப் பிடித்துக் கொடுத்தது. அடுத்து வந்த பிரதாப சிங் அதை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. பணமுடை வந்தபோதெல்லாம் கிராமங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். 1750ஆம் ஆண்டு வாக்கில் 81 கிராமங்கள் கைமாறின. கிராமம் கிராமமாகப் போன நிலத்துக்கு எல்லையும் கிராமம் கிராமமாகத்தான் இருக்கும். வரைபடத்தில் காரைக்காலின் விளிம்பு ஏன் அப்படிக் கிழிந்த துணி மாதிரி இருக்கிறது என்பதற்கு இந்தக் கடன் கணக்குதான் விடை. அப்புறம் ஆங்கிலேயர்கள் 1760இல் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியாகத் திருப்பிக் கொடுத்தது 1817இல். சுமார் 160 சதுர கிலோமீட்டர் வயலுக்கு இத்தனை இழுபறி.

சுதந்திரம் கிடைத்த பிறகு இந்த எல்லை தளரவில்லை, இறுகியது. 1941இல் போட்ட சுங்க ஒப்பந்தத்தால் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சரக்குக்கு ஒரே பகுதியாக இருந்தன. 1949 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து இந்தச் சாலையில் போகிற மூட்டையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு. பக்கத்து ஊரில் பெண் கொடுத்தவர்கள் சீர்வரிசையோடு சுங்கச் சாவடியில் நிற்க வேண்டியிருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அந்தக் கணக்கில் பார்த்தால் இன்று அறுபத்தைந்து வயதான காரைக்கால்காரர் சட்டப்படி பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்.

மதுக்கடை விஷயத்துக்குத் திரும்ப வரவேண்டும், ஏனென்றால் 'மாநில நெடுஞ்சாலை' என்ற பெயருக்கு என்ன கனம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்தது அதனால்தான். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருபதாயிரம் பேருக்குக் குறைவான ஊர்களுக்கு 220 மீட்டர் என்று பிறகு குறைத்தார்கள். காரைக்கால் மாதிரி சாலையை ஒட்டியே வளர்ந்த இடத்தில் 500 மீட்டர் என்றால் கடையைக் கொண்டுபோய் வயலிலோ வாய்க்காலிலோதான் வைக்க வேண்டும். நாட்டில் பல இடங்களில் இரவோடிரவாக நெடுஞ்சாலைகள் மாவட்டச் சாலைகளாகப் பெயர் மாறின. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று அதே ஆண்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியதும் பரபரப்பு அடங்கியது. ஒரு சாலைக்குக் காகிதத்தில் என்ன பெயர் என்பதை வைத்து ஓர் ஊரின் வருமானம் ஆடிப்போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாநிலமே அல்லாத ஒன்றியப் பகுதிக்கு மாநில நெடுஞ்சாலை என்பதே கொஞ்சம் வேடிக்கைதான்.

அம்பகரத்தூருக்கும் திருநள்ளாறுக்கும் நடுவே வயல்தான். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கோயில் அல்ல, கூலிகள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று கப்பல்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கிளம்பின. 160 சதுர கிலோமீட்டரில் அத்தனை ஆட்கள் ஏது? ஆள் இருந்தது எல்லைக்கு அப்பால், தஞ்சாவூர் ஜில்லாவில். ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் ஆங்கிலேயர் பகுதிக் கிராமங்களிலிருந்து ஏழைகளைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கூட்டிவந்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். 1861இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு அந்தத் திருட்டைச் சட்டமாக்கின. ஐந்து வருட ஒப்பந்தம், கைநாட்டு, கப்பல். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், மார்த்தினிக்குக்கு இருபத்தைந்தாயிரம் பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. எல்லாத் துறைகளிலிருந்தும் போனவர்கள் அதில் அடக்கம். பயண வழியிலும் தோட்டத்திலும் செத்தவர்கள் பலர். ரெயூனியனுக்கு 1882இலும் கரீபியத் தீவுகளுக்கு 1888இலும் ஆங்கிலேயர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். போன கூலிகளின் வாரிசுகள் தமிழை இழந்துவிட்டார்கள்; ஆனால் குவாதலூப்பில் இன்றும் 'மாலியெமன்' என்று கும்பிடுவது நம் மாரியம்மனைத்தான். காவலுக்கு மதுரைவீரனும் கூட நிற்கிறான். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களின் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இந்த வயல்வெளி நடையையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்தச் சாலையில் ஒரு கல்வெட்டுகூட அந்தக் கூலிகளுக்கு இல்லை.

"நளன்குளமெல்லாம் எறங்குங்க!" என்று நடத்துனர் கத்தியதும் பேருந்து பாதி காலியானது.

திருநள்ளாற்றில் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பாடிய பதிகத்தைத்தான் மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் நெருப்பில் இட்டார், ஓலை வேகவில்லை, அதனால் அது பச்சைப் பதிகம் என்பது சைவ மரபு. தியாகேசர் ஆடும் ஏழு விடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. இங்கே அவர் ஆடுவது உன்மத்த நடனம். இத்தனை பெரிய பெருமைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கூட்டம் போவது ஒரு சின்னச் சன்னதிக்கு. சனீஸ்வரன் இங்கே பரிவார தேவதைதான். ஆனால் ஊரின் பொருளாதாரம் முழுக்க அவர் தலையில்தான் நிற்கிறது. நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். பீடை போகிறதோ இல்லையோ, துணி மலை குவிகிறது. அதை அள்ளுவதே கோயில் நிர்வாகத்துக்குப் பெரிய வேலை.

இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சிதான் இந்தச் சாலைக்கு உண்மையான திருவிழா. லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். தடுப்புக் கட்டைகள், தற்காலிகப் பேருந்து நிலையங்கள், ஒருவழிப் போக்குவரத்து. எந்த நாளில் சனி பெயர்கிறார் என்பதிலும் ஒரு வழக்கு உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் ஜோசியம் சொல்ல, எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், எங்கள் சனிப்பெயர்ச்சி 2026இல்தான் என்று கோயில் அறிவித்துவிட்டது. இந்தக் கோயில் மேலே பறக்கும் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்று போகிறது என்று இன்னொரு கதை. விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி எதுவும் இல்லையென்று சொல்லியும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. நிற்கிற செயற்கைக்கோள் கீழே விழுந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சம்பந்தரும் தியாகேசரும் போதாதென்றா இதையும் தூக்கிச் சுமக்கிறார்கள்?

குளக்கரைக்குப் பின்னால் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நெல் விற்றுவிட்டு வந்திருந்தார். "எங்க போட்டீங்கய்யா?" என்றேன். "யாவாரிகிட்டதான் தம்பி. அந்தாண்ட கொள்முதல் நிலையத்துல போடணும்னா தமிழ்நாட்டுச் சிட்டா, அடங்கல் வேணும். நமக்கு ஏது?" அவர் வயல் எல்லைக்கு மிக அருகில். அப்பால் இருப்பது மைத்துனர் வயல். இரண்டுக்கும் தண்ணீர் பாய்வது ஒரே வாய்க்காலில்.

காரைக்காலின் நிஜமான தலைவலி தண்ணீர்தான். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, நண்டலாறு, திருமலைராஜனாறு என்று பெயர்களுக்குக் குறைவில்லை. எல்லாம் காவிரியின் கிளைகள், எல்லாம் கடைசிக் கிளைகள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஜில்லா ஜில்லாவாக வயல்களை நனைத்துவிட்டு மிச்சம் இங்கே வரவேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. 2018இல் உச்ச நீதிமன்றம் மற்ற கணக்குகளைத் திருத்தியபோது இந்த ஏழில் கைவைக்கவில்லை. ஏழும் காரைக்காலுக்குத்தான், புதுச்சேரி நகரத்துக்கும் காவிரிக்கும் சம்பந்தமில்லை. காகிதத்தில் ஏழு என்றாலும் அது எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. பெரியவரைக் கேட்டேன். "வரும். வெள்ளமா வரும், இல்லாட்டி வராது" என்றார்.

திருநள்ளாறு தாண்டினால் சாலை அகலமாகி, கடைகள் அடர்ந்து, காரைக்கால் நகரமாகிவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நேர்க்கோட்டுத் தெருக்கள் நகரின் நடுவில் இன்னும் இருக்கின்றன. தேற்றரவு அன்னை ஆலயத்தின் கோபுரமும், மஸ்தான் சாகிப் தர்காவும், கைலாசநாதர் கோயிலும் நடந்துபோகும் தூரத்துக்குள். ஒரு காலத்தில் இந்தத் தெருக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் சைகோன், சென்னையைவிடப் பக்கமாக இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா' வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருந்தன.

ஆனால் இந்த ஊரின் பெரிய பயணி சைகோனுக்குப் போனவர் அல்ல. வணிகன் மனைவி புனிதவதி, அடியாருக்கு ஒரு மாங்கனி கொடுத்துவிட்டு, கணவன் கேட்டபோது இறைவனிடம் இன்னொன்று பெற்றவர். அதிசயத்தைக் கண்டு பயந்த பரமதத்தன் அவரை விட்டு ஓடிப்போனான். அவர் அழகைத் துறந்து பேயுருக் கொண்டு, கயிலைமலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்தார். நாயன்மார் அறுபத்துமூவரில் அமர்ந்த கோலத்தில் இருக்கும் காரைக்கால் அம்மையார் அவர்தான். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா வரும்போது பாரதியார் வீதியின் மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுகிறார்கள். கீழே கூட்டம் ஏந்திப் பிடிக்கிறது. பிள்ளைவரம் வேண்டுகிறவர்கள் அந்தப் பழத்துக்காகவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். மாம்பழம் தலையில் விழுந்து வீங்கினாலும் யாரும் கோபிப்பதில்லை.

நகரில் சாலை கடற்கரை நெடுஞ்சாலையைத் தொட்டு முடிகிறது. அரசலாறு அங்கிருந்து கொஞ்ச தூரம் போய்க் கடலில் சேர்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்த வழியாகத்தான் எதிர்த்து வந்தது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று மீனவர் ஊர்கள் அழிந்தன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஆழிப்பேரலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சின்ன மாவட்டத்துக்காரர்கள்.

நகரப் பேருந்து பிடித்துத் தெற்கே போனேன். நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம். அடுத்து திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவர் அரசவையில் அவமானப்பட்டு, இந்த ஊர் மண்மாரி பெய்து அழியட்டும் என்று வசை பாடினார் என்பது பழைய கதை. ஊர் அழியவில்லை. அதன் தென்கோடியில், வாஞ்சூரில், 2009இல் தனியார் துறைமுகம் வந்தது, 2023இல் கைமாறியது. வந்து இறங்குவதில் முக்கியமானது நிலக்கரி. தூசு பறக்கிறது என்று பட்டினத்துக்காரர்களும் நாகூர்க்காரர்களும் பல வருடமாகக் குறை சொல்கிறார்கள். நாகூர்–காரைக்கால் ரயில் பாதை 2011இல் திறந்தது. கரி அதில் ஏறி மேற்கே போகிறது. பேரளம் பாதையும் சேர்ந்துகொண்டால், நெல்லும் ஆளும் கிழக்கே வந்த அதே தடத்தில் கரி எதிர்த்திசையில் போகும். வாஞ்சூர்ச் சோதனைச்சாவடிக்கு முந்தைய பங்கில் நாகூர் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மலிவு விலையில் நிரப்பிக்கொண்டு திரும்பத்தான்.